லீவு ஆட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் உப்பிலி என் தலையில் கட்டியது. அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. ஒரு எலக்ட்ரிக் டிரெயின் போகும், திறப்பான் என்று வண்டியை ஸ்டார்ட் செய்வோம், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்ஸ் வரும். அப்படி ஒரு கூட்ஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் பின்னால் உட்கார்ந்திருந்த உப்பிலி ஆரம்பித்தார்.

உப்பிலி எங்கள் தெருக்காரர். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. தினமும் செங்கல்பட்டு போய் அங்கிருந்து ஆபீஸ் பஸ் பிடிப்பார். சில நாள் நான் என் வண்டியில் கொண்டுபோய் விடுவேன்.

"பன்னிக் காய்ச்சல் வந்துச்சே எழுத்தாளரே, அப்ப எங்க பஸ்ல சீட்டாட்டம் நின்னுப்போச்சு. அதுக்கு பதிலா இன்னா ஆடினோம் தெரியுமா?"

"என்ன?"

"அடுத்து யாருக்கு ஜுரம் வரும்னு பந்தயம்."

"அசிங்கமா இல்ல?"

"அசிங்கமாதான் கீது. அதான் உங்களாண்ட சொல்றேன். எழுதுங்க."

எழுதுங்களாம். ஏதோ கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வரச் சொல்கிற மாதிரி.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

"2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், உலகை அச்சுறுத்திய கொள்ளைநோய் தமிழகத்தையும் எட்டியபோது..." இது பேப்பர்க்காரர் வேலை. நாளிதழே இதைவிட நன்றாக எழுதியிருந்தது. கிழித்தேன்.

"கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக..." இந்தக் கதையில் கடலே கிடையாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் இறங்கினால்கூடக் கடல் கண்ணில் படாது, காம்பவுண்டுச் சுவர்தான் தெரியும். ஆனாலும் மகாபலிபுரம் பக்கம் என்றதும் கை தானாகக் கடலுக்குப் போகிறது. என்ன செய்ய.

"பக்தவத்சலம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுச் சீட்டைப் பிரித்தார்."

இது நிற்கும் என்று தோன்றியது. ஏனென்றால் ஆட்டம் நின்றது இந்த நாக்கினால்தான்.

3

பஸ்ஸின் கடைசி வரிசையில் பத்து வருஷத்துக்கு மேலாக ரம்மி. மடியில் துண்டு, துண்டின்மேல் ஒரு சூட்கேஸ், அதுதான் மேஜை. ஆடுகிறவர்கள் நாலு பேர். ரிடையராகப் போகிற பக்தவத்சலம், குசும்பு பிடித்த தர்மராஜ், நம் உப்பிலி, ஹரிகிருஷ்ணன். இந்த நாலாவது ஆள்தான் கதை. அவனிடம் பிறகு வருகிறேன், அவனால் எனக்குத் தலைவலி.

லாட்டரி இருந்த காலத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு சீட்டு கிழிப்பார்கள். 2003இல் அரசாங்கம் லாட்டரியை நிறுத்தியதும் அந்தக் காசும் ரம்மிக்கு வந்தது. காசு விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன்: எல்லாம் சில்லறை. இவர்கள் யாரும் வீட்டை விற்கவில்லை, பெண்டாட்டி தாலியை அடகு வைக்கவில்லை. சூதாட்டக் கதை என்றால் தாலி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் தயவுசெய்து இறங்கிக்கொள்ளலாம்.

பன்றிக் காய்ச்சல் வந்ததும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். காய்ச்சல் உள்ளவர்கள் பஸ்ஸில் ஏறவேண்டாம், இருமும்போது வாயை மூடவும், இத்யாதி. அன்றைக்குப் பக்தவத்சலம் வழக்கம்போல் விரலை நக்கிச் சீட்டைப் பிரித்தார். தர்மராஜ் தன் பங்குச் சீட்டைத் தொடவில்லை.

"அண்ணாத்த, உன் எச்சிய இன்னிலேர்ந்து எடுக்க மாட்டேன்."

"பத்து வருஷமா எடுத்தியேடா?"

"அப்ப பன்னிக்கு ஜுரம் வரல."

அத்தோடு சீட்டுக்கட்டு சூட்கேஸுக்குள் போய்விட்டது. ஆனால் பத்து வருஷப் பழக்கத்தை எந்த சூட்கேஸில் வைத்து மூடுவது? நாலு பேரும் இரண்டு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் தர்மராஜ், அடுத்த ஸ்டாப்பில் எத்தனை பேர் மாஸ்க் போட்டிருப்பார்கள் என்று பந்தயம் ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் அது சலித்தது, ஏனென்றால் எல்லோரும் மாஸ்க் போட்டுவிட்டார்கள், இல்லை கர்சீப்பைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு தும்மல். பிறகுதான் லீவு ஆட்டம்.*

* இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆசை வந்தது. மனிதன் பயப்படுகிறபோது ஏன் பந்தயம் கட்டுகிறான், பயத்துக்கு ஒரு விலை போட்டுவிட்டால் அது கைக்கு அடக்கமாகிவிடுகிறதா, என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். உப்பிலி படித்துவிட்டு "பொழுது போகலப்பா, அதான்" என்றார். ஒரு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

விதிகள் சுலபம். நாளைக்கு யார் உடம்பு சரியில்லை என்று லீவு போடுவார்கள்? பஸ் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு பெயர் சொல்லவேண்டும். சொன்ன ஆள் மறுநாள் வராவிட்டால் சொன்னவனுக்குப் பணம். யார் சொன்னதும் பலிக்காவிட்டால் பணம் மறுநாளைக்குச் சேரும். டிரைவர் பெயரைச் சொல்லக்கூடாது, அவர் வராவிட்டால் பஸ்ஸே இல்லை. வயசானவர்கள், கர்ப்பிணிகள் பெயரும் கூடாது.

கடைசி விதியைப் போட்டவர் பக்தவத்சலம். "அது பாவம்டா" என்றாராம். மற்றவர்களுக்கு ஜுரம் வருவது பாவமில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கடித்துத் துப்பத்தான் தோன்றும்.

4

ஹரிகிருஷ்ணன்.

செங்கல்பட்டுக்காரன், நாற்பதைத் தாண்டியவன், பொறுப்பானவன். பெண்டாட்டி காமு டியூஷன் எடுப்பவள். இவனை எனக்குப் பிடிக்கவேண்டும். கதாநாயகனைப் பிடிக்காமல் எப்படி எழுதுவது? அதனால் இவனுக்கு ஒரு காரணம் தேடினேன். கடன் இருக்குமோ? குழந்தைக்கு ஆபரேஷனோ?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் உப்பிலி. "சொந்த வூடு. நல்லாதான் இருந்தான்."

"பின்ன ஏன் அப்படிச் செஞ்சான்?"

"அவனுக்கு ஸ்கூட் உட வராது."

ரம்மியில் கை மோசமாக வந்தால் ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கொஞ்சம் நஷ்டத்தோடு போய்விடும். அதற்குப் பெயர் ஸ்கூட். ஜோக்கர் இல்லை, ஒரு சேர்க்கையும் இல்லை, பதின்மூன்றும் குப்பை என்று தெரிந்தாலும் ஹரிகிருஷ்ணன் விலகமாட்டான். அடுத்த சீட்டில் வந்துவிடும் என்று உட்கார்ந்திருப்பான். பத்து வருஷமாகத் தோற்றவன் அவன்தான். அவன் கையைப் பார்த்து மற்ற மூவரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போய்க் காமுவிடம் எரிந்து விழுவான்.

இவ்வளவுதான் காரணம். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாசகரின் அனுதாபத்தைச் சம்பாதிப்பது என்று உப்பிலியைக் கேட்டேன். அது உங்க பொழப்பு என்றார்.

5

ஒரு புதன்கிழமை காலை ஹரிகிருஷ்ணன் தும்மினான். தூசிதான். ஏரிக்கரை வருவதற்குள் தர்மராஜ் சொன்னான்:

"நாளைக்கு ஹரி."

மற்ற மூவரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பெயரை அதுவரை யாரும் சொன்னதில்லை. விதியில் தடை இல்லை, மனசில் இருந்தது.

"என் பேரையா சொல்ற?"

"தும்மினல்ல?"

"நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன் மச்சான். வெள்ளிக்கிழம வரிக்கும் வந்துட்டா இதுவரிக்கும் சேந்தது பூரா எனக்கு. செரியா?"

"வந்துடு பாப்போம்."

எவ்வளவு சேர்ந்திருந்தது என்று கேட்பீர்கள். ஒரு குடும்பம் மகாபலிபுரத்தில் சுமாரான ஒரு ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம். அதற்காகத்தான்.

வியாழன் சாயங்காலம் ஹரிகிருஷ்ணனுக்குத் தொண்டை கரகரத்தது. வெள்ளி காலை உடம்பு கொதித்தது. காமு கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, அனலா கீது. பேசாம லீவு போடுங்க," என்றாள்.

"போட்டா தர்மராஜ் ஜெயிச்சிடுவான்."

"ஜெயிச்சிட்டுப் போறான். ஜெயிச்சு இன்னா எம்.எல்.ஏ. ஆயிடப் போறானா?"

அவன் இரண்டு மாத்திரையை முழுங்கினான். கர்சீப்பில் நீலகிரித் தைலத்தை ஊற்றி மூக்கில் கட்டிக்கொண்டான். இது அந்தக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம்? தூசி. மழைத் தண்ணீர். ஏஸி ரூம். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற வழியெல்லாம் அவன் தனக்குச் சாதகமான சீட்டுகளையே எண்ணிக்கொண்டு போனான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் யார்மேலும் படாது. வாயைத் திறக்காமல் போய்விட்டால் போதும். இன்றைக்கு ஒருநாள்தான். இதுவரை யார் யாரோ இருமிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பஸ் என்ன குடைசாய்ந்துவிட்டதா?

நோட்டீஸை அவன் படித்திருந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் ஏறினான் என்று யாரும் வக்காலத்து வாங்கவேண்டாம்.

6

திருக்கழுக்குன்றத்தில் வைஷாலி ஏறினாள்.

வைஷாலி சின்னப் பெண். நூலகப் பிரிவில் வேலை. ஏழு மாதக் கர்ப்பம். அவளுக்கென்று முன்னால் டிரைவருக்குப் பின்சீட்டை எல்லோரும் விட்டுவைப்பார்கள். அன்றைக்கு அந்தச் சீட்டும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு எதிரில் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். வைஷாலி அவரைப் பார்த்தாள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள், கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். அன்றைக்கு ஹரிகிருஷ்ணன் மற்ற மூவரையும் விட்டுக் கடைசி வரிசைக்கு முன்வரிசையில் ஜன்னல் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தான், அவன் பக்கத்தில் இடம் இருந்தது.

"அண்ணா, இங்க யாராவது வராங்களா?"

"இல்லம்மா."

"முன்னாடி அவர் ரொம்ப இருமறாரு. பயமா இருக்கு. இங்க உக்காந்துக்கறேன்."

இந்தக் கதை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 'எனக்கு ஜுரம்மா, இங்க உக்காராத' என்று சொன்னால் போதும். பல்லுக்குப் பின்னால்வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் தர்மராஜுக்குக் கேட்கும். ஜுரம் என்று ஒப்புக்கொண்டால் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள், இறங்கினால் லீவு, லீவென்றால் தோல்வி. பின்வரிசை ஓரத்தில் தர்மராஜ் கர்சீப்புக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

[ஹரிகிருஷ்ணன் சட்டென்று எழுந்தான். "கால் மரத்துப்போச்சு, நான் நிக்கறேன், நீ உக்காரும்மா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு...]

இப்படித்தான் எழுதியிருந்தேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்! பந்தயமும் போகவில்லை, பாவமும் வரவில்லை. உப்பிலி தலையை ஆட்டினார். "எழுந்திருக்கல."

[அவன் மூச்சை அடக்கி, முகத்தை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல்...]

"எங்க? பேசினுதான் வந்தான். அந்தப் பொண்ணு பாவம், டெலிவரிக்கு எந்த டாக்டர் நல்லா பாப்பாங்கன்னு கேட்டுச்சு. இவன் காமுவுக்குப் பாத்த டாக்டரம்மா பேரச் சொன்னான்."

"கர்சீப் கட்டியிருந்தானா?"

"பேசறதுக்குக் கீழ இறக்கிட்டான்."

உப்பிலி, நீங்கள் பின்னால்தானே உட்கார்ந்திருந்தீர்கள், நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவனுக்கு ஜுரம் என்று எனக்கெப்படித் தெரியும் என்றார். தெரியாதா என்றேன். கண்ணு செவந்துதான் இருந்துச்சு என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

டாக்டர் பேச்சு முடிந்ததும் வைஷாலி தூங்கிப்போனாள். கர்ப்பிணிகளுக்குப் பஸ் ஆட்டத்தில் தூக்கம் வரும். ஒரு வளைவில் அவள் தலை சாய்ந்து அவன் தோளில் வந்து நின்றது. தோள் சூடாக இருந்திருக்கும், அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. அவன் அசையவில்லை. எழுப்பக்கூடாது என்று அசையாமல் இருந்தானாம். "இத்த மட்டும் வுட்டுடாம எழுதுங்க" என்றார் உப்பிலி. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அக்கறையில் கால்வாசியை வாயில் காட்டியிருக்கலாம் அவன்.

ஆபீஸ் கேட்டில் பஸ் நின்றது. ஹரிகிருஷ்ணன் இறங்கி நின்று தர்மராஜைப் பார்த்தான். பத்து வருஷத்தில் முதல் தடவை ஜெயித்திருக்கிறான். உள்ளங்கையை நீட்டினான். தர்மராஜ் பணத்தைத் தொட்டுக் கொடுக்கப் பயந்து, கவரில் போட்டு எட்ட நின்று நீட்டினான்.

7

அதற்குப் பிறகு நடந்தது, வரிசையாக.

ஞாயிறன்று ஹரிகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. திங்களன்று தொண்டையில் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். அதேதான். மாத்திரை கொடுத்து வீட்டில் தனி அறையில் வைத்தார்கள், காமு தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. வைஷாலி ஏறவில்லை.

அவள் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை, விதிப்படி சொல்லவும் கூடாது. அதனால் அன்றைக்கு யாருக்கும் வெற்றி இல்லை. பணம் மறுநாளைக்குச் சேர்ந்தது.

மேலே உள்ள மூன்று வாக்கியங்களையும் உப்பிலி சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நான் சேர்த்தது ஒன்றும் இல்லை.

8

மத்தியானம் உப்பிலி போன் செய்து, "வைஷாலி வர்ல" என்று மட்டும் சொன்னார்.

ஹரிகிருஷ்ணன் செல்போனை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் வீட்டு நம்பர் அவனிடம் இருந்தது, டாக்டரம்மா விலாசம் அனுப்புவதற்காக அவளே கொடுத்தது. ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். ஆமாம், அதுதான். கை நிறைய வளையலோடு ஊஞ்சலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், இவன் போய் ஜுரம் கிரம் என்று அந்த வீட்டில் பீதியைக் கிளப்புவதா? அப்படி இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் அவள் எங்கே படுத்திருக்கிறாள்? அவளைப் பார்க்கிற டாக்டருக்கு, பக்கத்திலேயே ஒரு நோயாளி உட்கார்ந்து வந்த விஷயம் தெரியுமா? சாதா ஜுரம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால்? கர்ப்பிணி என்றால் அந்த மாத்திரையை முதல் இரண்டு நாளிலேயே கொடுக்கவேண்டும் என்று நேற்று இவனிடம்தான் டாக்டர் சொன்னார்.

போனை எடுத்தான். வைத்தான். கூப்பிடாதவரை அவள் ஊஞ்சலில்தான் இருக்கிறாள்.

கதவுக்கு வெளியே காமு, "பண்ணீங்களா?" என்றாள்.

"பண்றேன்."

"மத்தியானத்துலேர்ந்து இதையே சொல்லிகினு கீறீங்க."

9

இப்போது முடிவுகள். இந்த மாதிரிக் கதையில் வழக்கப்படி இரண்டு மூன்று தரவேண்டும்.

(அ) வளைகாப்பு. அம்மா வீடு. கார்த்திகை மாதம் ஒரு ஆண் குழந்தை, மூன்று கிலோ. ஹரிகிருஷ்ணன் வெள்ளி அரைஞாணோடு போய்ப் பார்க்கிறான்.

(ஆ) சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே அவள் புருஷன் இரண்டு நாளாக அதே சட்டையில், உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து

எழுதமாட்டேன். எழுத முடியவில்லை.

சரி, உண்மையில் என்ன நடந்தது என்றாவது தெரிந்துகொள்வோம் என்று உப்பிலி வீட்டுக்குப் போனேன். சாயங்கால நேரம், அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வைஷாலிக்கு என்ன ஆச்சு?"

உப்பிலி துணியை உதறினார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க? மொதல்ல அத்த சொல்லுங்க, பாப்போம். ஒரு டீ பந்தயம்."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க? சும்மா கேட்டா..." நான் பதிலைக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்வார். ஆனால் முதலில் ஏதாவது ஒரு பக்கம் என்னைப் பந்தயம் கட்டச் சொல்வார். (அ), (ஆ) என்று எழுதி உங்கள் முன்னால் நான் வைத்ததும் வேறென்ன? படித்த நேரத்திலேயே உங்களில் பாதிப் பேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இரண்டையும் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரும்போது ஒன்று மட்டும் கேட்டேன், ஹரிகிருஷ்ணன் அன்றைக்குப் போன் பண்ணினானா என்று.

"போனா? அதெல்லாம் பண்ல," என்றார் உப்பிலி.

10

பண்ணவில்லையாம். அது அவர்கள் பஸ்ஸில். இது என் கதை.

காமு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். முந்தானையால் மூக்கைக்கூட மூடவில்லை. அவன் "வராத, வராத, ஒட்டிக்கும்" என்று கையை ஆட்டினான். "இப்பத்தான் அது ஞாபகம் வந்துச்சா?" என்று அவன் மார்மேலிருந்த போனை எடுத்தாள், நம்பரைத் தேடினாள், அழுத்தினாள், அவன் காதில் வைத்து அவன் கையை மேலே வைத்து அழுத்தினாள்.

மணி போயிற்று. யாரோ எடுத்தார்கள். வயசான அம்மாள் குரல். பின்னால் பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ அழுவதோ சிரிப்பதோ, ஒன்றும் பிரிபடவில்லை.

"ஹலோ, யாரு?"

ஹரிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷன், "வைஷாலி எப்படி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறான். அடித்துவிட்டு மறுபடி எழுதினால் மறுபடியும் அதையேதான் கேட்கிறான். எனக்கு அலுத்துவிட்டது. போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன், பிடியுங்கள்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்காதீர்கள். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான், எனக்கு அப்போதே ஜுரம், அது இந்தக் காய்ச்சல்தான், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

சீக்கிரம். அந்த அம்மாள் ஹலோ ஹலோ என்கிறாள், வைத்துவிடப் போகிறாள்.